தரங்கம்பாடிக்குப் போன ரயில்: எடுத்துவிட்ட பாதையை அடையாளம் கண்டு நடப்பது எப்படி?

காவிரி டெல்டாவின் கடைமடையில் மேடு என்று எதைக் கண்டாலும் அது மனிதர் வெட்டிக் கொட்டிய மண்தான். மயிலாடுதுறை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 11 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 30 கிலோமீட்டர் கிழக்கே தரங்கம்பாடியில் கடல் வந்துவிடுகிறது. இவ்வளவு தட்டையான நிலத்தில் ஆற்றங்கரை, சாலை, ரயில் பாதை ஆகிய மூன்றைத் தவிர நீளமாக உயர்ந்து செல்வது அநேகமாக வேறெதுவும் இல்லை. ஆகவே, எடுத்துவிட்ட ரயில் பாதையைத் தேடுவது என்பது இந்த மூன்று மேடுகளைப் பிரித்தறியும் வேலைதான். தண்டவாளம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். மண், சல்லி, செங்கல் ஆகியவற்றைக் கவனிக்கப் பழகியவருக்கு அரை நாளிலேயே பாதையின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்டது மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள) கிளைப் பாதை. மயிலாடுதுறை, அன்றைய மாயவரம், 1877-ஆம் ஆண்டிலேயே தென்னிந்திய ரயில்வேயின் முதன்மைப் பாதையில் இடம்பெற்றுவிட்டது. 1894-இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ரயில்வேக்கென்று தனி வரி விதித்துத் திரட்டிய பணத்தில், மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு ஒரு பாதை போட்டது. தரங்கம்பாடிக் கிளை இவற்றுக்கெல்லாம் பின்னால், 1926-இல் வந்தது. டேனிஷ்காரர்கள் 1845-ஆம் ஆண்டு தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய் 81 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஊருக்கு ரயில் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், துறைமுகத்தின் பழம்பெருமைக்கும் இந்தப் பாதைக்கும் நேரடித் தொடர்பு தேட வேண்டியதில்லை. மாயூரம் டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று சென்ற வண்டி 1986-இல் நிறுத்தப்பட்டது.

டெல்டாவில் மூடப்பட்ட வேறு பாதைகளும் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்று கைவிடப்பட்டவை அல்ல என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். நீடாமங்கலம் – மன்னார்குடிப் பாதை 2011-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. அதே ஆண்டில் நாகூர் – காரைக்கால் பாதையும் திறக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 2023-இல் திறக்கப்பட்டது. பேரளம் – காரைக்கால் தடத்திலும் புதிய தண்டவாளம் போட்டாகிவிட்டது. பழைய கட்டுரையையோ பழைய வரைபடத்தையோ நம்பி அந்தத் தடங்களில் இறங்கி நடப்பது உயிருக்கு ஆபத்து. தரங்கம்பாடிக் கிளைதான், மீண்டும் போட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருந்தும், மேடாகவே கிடக்கிறது.

மின்கம்பத்தைத் தேட வேண்டாம்

பழைய மின்சார ரயிலின் எச்சங்களைத் தேடிப் பழகியவர்கள் டெல்டாவுக்கு வந்தால் முதலில் ஒன்றை மறக்க வேண்டியிருக்கும். தென்னிந்திய ரயில்வே 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையை 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்மயமாக்கியது. 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது; 1965-இல் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அத்தோடு நின்றுவிட்டது. டெல்டாவிலிருந்து சென்னைக்குப் போன வண்டிகள் விழுப்புரத்தில் நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ கழற்றிவிட்டு மின்சார எஞ்சினை மாட்டிக்கொண்டதை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். சென்னை – விழுப்புரம் தடத்தில் மீட்டர்கேஜ் காலத்தைத் தேடுபவர் மின்கம்பங்களின் கான்கிரீட் அடிக்கட்டைகளைத் தேடலாம். விழுப்புரத்துக்குத் தெற்கே மீட்டர்கேஜ் பாதையில் அது வீண்வேலை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரங்கம்பாடித் தடத்தில் எங்காவது இரும்புக் கம்பம் ஒன்று நிமிர்ந்து நின்றால், அது பழைய தண்டவாளத் துண்டை நட்டு அமைத்த தந்திக் கம்பமாகவோ வேலிக் கம்பமாகவோ ரயில்வே கேட்டின் கம்பமாகவோ இருக்கும். மயிலாடுதுறைச் சந்திப்பில் இன்று தலைக்கு மேல் செல்லும் கம்பிகள் அகலப்பாதைக் காலத்தவை. அவற்றில் ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டிய அவசியமே இல்லை. 2 மீட்டருக்குள் நெருங்கினாலே மின்சாரம் தாவக்கூடும். நடைமேம்பாலத்தில் நின்று கிளைப்பாதை பிரிந்த திசையைப் படமெடுக்க விரும்புபவர்கள் செல்ஃபி குச்சி, குடை, நீண்ட கம்பு எதையும் கைப்பிடிக்கு வெளியே நீட்டக் கூடாது.

வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை

முதல் வேலை வரைபடம். இந்திய நில அளவைத் துறையின், மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவிலான பழைய வரைபடங்களில் மயிலாடுதுறை 58 எம்/12 தாளிலும் தரங்கம்பாடி 58 எம்/16 தாளிலும் வரும். அமெரிக்க ராணுவ வரைபடத் துறை 1950-களில் வெளியிட்ட இரண்டரை லட்சத்துக்கு ஒன்று அளவிலான இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அளவு சிறியதுதான் என்றாலும், பாதை எந்த ஊருக்கு வடக்கே போனது, எந்த ஊருக்குத் தெற்கே போனது என்று தெரிந்துகொள்ள அது போதும். பெரிய வரைபடத்தில் நிலையத்தின் பெயர் இருக்கும் இடத்தையும் பாதை சாலையைக் குறுக்கிடும் இடங்களையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள பாதையைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது செயற்கைக்கோள் படம். இங்கேதான் மூன்று மேடுகளும் முதன்முறையாகப் பிரியும். ஆற்றங்கரை ஆற்றை விட்டு விலகாது. ஆறு நெளிந்தால் அதுவும் நெளியும். கிராமச் சாலை கோயிலுக்காகத் திரும்பும், குளத்துக்காகத் திரும்பும், யாரோ ஒரு மிராசுதாரின் நிலத்துக்காகவும் திரும்பும். ரயில் பாதை எதற்காகவும் சட்டென்று திரும்பாது. நேர்கோடாகப் போகும்; வளைந்தாலும் நீண்ட, சீரான வளைவாகவே வளையும். அதனால் அது வயல்களைக் கோணலாக வெட்டிச் சென்றிருக்கும். வரப்புகள் எல்லாம் ஒரு திசையில் இருக்க, அவற்றுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் ஒரு வரி போய், இருபுறமும் முக்கோண வயல்களை விட்டுச் சென்றிருந்தால், அந்த வரியைத் தொடருங்கள். வரியின் ஓரத்தில் நீள்சதுரக் குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தால் ஐயம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். கரை எழுப்புவதற்காகப் பக்கத்திலேயே மண் வெட்டிய குழிகள் அவை. இப்போது கோரையும் அல்லியும் மண்டிக் கிடக்கும்.

மூன்றாவது, பலரும் செய்யாதது, ஆனால் என் கணக்கில் மற்ற இரண்டையும்விடப் பலன் தருவது: நில ஆவணம். தமிழ்நாடு அரசின் இணையவழி நில ஆவணச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரத்தையும் (நிலத்தின் வகைப்பாடு அதில்தான் இருக்கும்) புலப்பட வரைபடத்தையும் பார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தில் ஐயமாக இருக்கும் இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து, அதன் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். மற்றப் புலங்கள் அகலமும் நீளமும் ஒத்துப்போகும் கட்டங்களாக இருக்கும்போது, இது மட்டும் ஒடுங்கி நீண்ட நாடாவாக இருக்கும். வகைப்பாடு ரயில்வே புறம்போக்கு என்று இருந்தால் வேறு சான்றே வேண்டாம். தண்டவாளத்தையும் கட்டையையும் ஏலம் விட்டு எடுத்துக்கொண்டு போனாலும், நிலத்தின் எல்லை பதிவேட்டில் தங்கிவிடுகிறது.

எப்போது போகலாம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பழைய பாலங்களின் அடிப்பகுதியைப் பார்க்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கரையே வழுக்கும். சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. அப்போதும் ஒரு கவனம் தேவை. நெல் அறுத்த தாளுக்கு இடையே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். வெறும் தரிசு போலத் தோன்றும் அந்த வயலில் இறங்கி நடந்தால் ஒரு குடும்பத்தின் கோடை வருமானத்தை மிதிக்கிறோம். வரப்பில் மட்டுமே நடக்க வேண்டும்.

தரையில் எதைப் பார்ப்பது

கல் இல்லாத ஊர் இது. வயலைத் தோண்டினால் வண்டல், அதற்குக் கீழே களிமண், இன்னும் கீழே மணல். ஆகவே, வயலோரத்து மேட்டில் கருங்கல் சல்லி கிடந்தால் அதை யாரோ மேற்கிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சாலைச் சல்லியில் தார் ஒட்டியிருக்கும், அளவும் கலப்படமாக இருக்கும். ரயில் சல்லி உள்ளங்கையில் அடங்கும் ஒரே அளவில், முனைகள் மழுங்கி, துருவேறிய பழுப்போடு இருக்கும். பாதை மூடியதும் நல்ல சல்லியை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். எனவே மேட்டின் நடுவில் தேடாமல், சரிவில், வேலிக்காத்தான் வேர்களுக்கு இடையே, மழை அரித்த இடங்களில் தேட வேண்டும்.

சல்லியோடு இன்னொன்றும் கிடைக்கலாம்: கருத்து, கண்கண்ணாக, தூக்கினால் கனமே இல்லாத கரிக்கசடு. நீராவி எஞ்சினின் அடுப்பிலிருந்து கொட்டியது அது. நிலக்கரி விளையாத இந்த மண்ணில் கசடு குவிந்து கிடந்தால் அங்கே எஞ்சின் நின்றிருக்கிறது. அதாவது நிலையமோ அதன் வாசலோ பக்கத்தில்தான் இருந்தது.

மேட்டின் அகலத்தையும் காலடியால் அளந்து பார்க்கலாம். ஒற்றை மீட்டர்கேஜ் பாதையின் கரை உச்சியில் 5 மீட்டர் அளவில்தான் இருக்கும். இன்று பல இடங்களில் அதையே வண்டிப் பாதையாக ஆக்கியிருப்பார்கள், சில இடங்களில் இருபுறமும் வெட்டி வயலோடு சேர்த்திருப்பார்கள். அதனால் அகலத்தை மட்டும் தனிச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

பாலங்களே இந்தப் பாதையில் கிடைக்கும் சிறந்த சான்றுகள். காவிரியின் கிளைகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன; பாதையும் ஏறத்தாழ அதே திசையில் போனதால் பேராறுகளைக் கடந்த இடங்கள் குறைவு, வாய்க்கால்களையும் வடிகால்களையும் கடந்த இடங்கள் ஏராளம். கர்டரையும் (தண்டவாளத்தைத் தாங்கிய இரும்பு உத்தரம்) தண்டவாளத்தையும் இரும்பு விலைக்கு எடுத்துவிட்ட பிறகு, வாய்க்காலின் இரு கரையிலும் செங்கல் சுவர்கள் மட்டும் எதிரெதிராக நிற்கும். அவற்றை மதகு என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். வேறுபாட்டை அறிய ஒரு நிமிடம் போதும். வாய்க்காலுக்குள் இறங்கி, சுவரின் உட்பக்கத்தைப் பாருங்கள். மதகு என்றால் பலகை செருகுவதற்கு மேலிருந்து கீழாக ஒரு காடி வெட்டியிருக்கும். திருகாணி, சட்டம் போன்ற ஏதோ ஒன்று இருந்த தடம் தெரியும். ரயில் பாலத்தில் காடி இருக்காது. அதற்குப் பதிலாகச் சுவரின் தலையில், செங்கல்லுக்கு நடுவே, இரண்டு கருங்கற்கள் பதித்திருக்கும். கர்டர்கள் உட்கார்ந்த கற்கள் அவை. அவற்றின் மேல் ஆணித் துளைகளும், இரும்பு கசிந்து ஊறிய துருக்கறையும் இருக்கும். தண்டவாளம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு கர்டர் என்பதால், கல்லின் நடுவிலிருந்து மறு கல்லின் நடுவுக்கு நாடா பிடித்தால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அந்த அளவு வந்துவிட்டால் நீங்கள் நிற்பது மீட்டர்கேஜ் பாலத்தில்தான். செங்கற்களுக்கு இடையே உள்ள காரையை விரலால் தேய்த்துப் பாருங்கள்; வெண்மையாகப் பொடிந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தால் பிற்காலச் சிமெண்டுப் பூச்சு.

பக்கச் சுவரில் பாலத்தின் எண்ணை எழுதுவது ரயில்வே வழக்கம். பூச்சு உதிர்ந்திருந்தாலும் காலை வெயில் சாய்வாக விழும்போது எண் தெரியக்கூடும். இரண்டு பாலங்களின் எண்களைப் படித்துவிட்டால், இடையில் எத்தனை பாலங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது கணக்காகிவிடும். ஒன்று குறைந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். புதருக்குள் மூழ்கியிருக்கும், அல்லது மண் தூர்ந்து வயலுக்குள் போயிருக்கும்.

ரயில்வே கேட்டுக்காரர் வீட்டையும் கண் பழகினால் பிடித்துவிடலாம். சாலையோரத்து வீடுகள் எல்லாம் சாலையைப் பார்த்து நிற்கும்போது, ஒற்றை அறையோடு ஒரு சிறு கட்டடம் மட்டும் சாலைக்குக் கோணலாக நின்றால், அது தண்டவாளத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது. அந்த இடத்தில் சாலையும் லேசாக ஏறி இறங்கும். பேருந்தில் போகும்போதே இந்தத் திமில்களை எண்ணிக்கொண்டு போகலாம்.

தண்டவாளமே கிடைக்காது என்று மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம்: பாதையில் கிடைக்காது, ஊருக்குள் கிடைக்கும். மாட்டுக்கொட்டகைக்குத் தூணாக, வாசற்படிக்கு மேல் உத்தரமாக, களத்து வேலிக்குக் கம்பமாக நிற்கும். தண்டவாளத்தின் நடுப்பகுதியில், தலைக்கும் அடிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பக்கத்தில், உருட்டு ஆலையின் பெயர், உருட்டிய ஆண்டு, கெஜத்துக்கு இத்தனை பவுண்டு என்ற எடைக்குறி ஆகியவை புடைப்பு எழுத்தாக இருக்கும். பிரிட்டிஷ் ஆலைகளின் பெயர்களும் ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையின் பெயரும் தென்னிந்தியாவில் காணக்கூடியவை. துருவைச் சுரண்டாதீர்கள்; எழுத்தும் சேர்ந்து போய்விடும். தேங்காய் நாரால் தூசியைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்து அழுத்தி, அடுப்புக்கரித் துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறிவிடும். படித்த ஆண்டை வைத்துப் பாதையின் வயதை முடிவு செய்யவும் கூடாது. முதன்மைப் பாதையில் கழித்த தண்டவாளத்தைக் கிளைப்பாதைக்குப் போடுவது ரயில்வேயில் சாதாரணம். ஆகவே 1926-ஆம் ஆண்டுப் பாதையில் அதற்கு மிக முந்தைய ஆண்டைச் சுமந்த துண்டு கிடைத்தால் வியப்பதற்கில்லை.

கேட்க வேண்டிய விதம்

டெல்டாவில் ரயில் நிலையத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் ரயிலடி என்றே சொல்வார்கள். ரயில் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே, “கைவிடப்பட்ட ரயில் நிலையத்தின் எச்சங்கள் எங்கே உள்ளன?” என்று கேட்டால் விழிப்பார்கள்; “பழைய ரயிலடி எந்தப் பக்கம் ஐயா?” என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். வண்டி நின்றது 1986 என்பதால், அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். டீக்கடை வாசலில் அந்த வயதுக்காரர்களைத் தேடுங்கள். கைகாட்டி (சிக்னல்) எங்கே நின்றது, எஞ்சினுக்கு எங்கே தண்ணீர் பிடித்தார்கள், எந்த இடத்தில் வண்டி வேகம் குறைந்தது என்று குறிப்பாகக் கேட்டால் நினைவு கிளறும். “அந்தக் காலத்து ரயிலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும்.

கேமராவும் நாடாவுமாக மேட்டில் நிற்பவரிடம் நிச்சயம் வரும் கேள்வி: “என்ன தம்பி, அளக்க வந்திருக்கீங்களா? லைன் திரும்ப வருதா?” இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரயில்வே நிலத்தில் கொட்டகை போட்டவர்களும் கீரைப்பாத்தி கட்டியவர்களும் இருக்கலாம். அளப்பது என்றால் அவர்களுக்கு வீடு போகும் என்ற அச்சம். நாடாவை எடுப்பதற்கு முன்பே, “நான் அரசு ஆள் இல்லைங்க ஐயா, பழைய பாலத்தைப் பார்க்க வந்தேன்” என்று சொல்லிவிடுவது நல்லது. தூணாக நிற்கும் தண்டவாளத்தைக் காட்டி இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பது அதைவிட மோசம். ஏலத்தில் பழைய இரும்பாக விற்றதை வாங்கியிருக்கலாம். நாம் விசாரணை நடத்த வரவில்லை.

சட்டமும் பாம்பும்

பாதை மூடப்பட்டது என்பதால் நிலம் பொதுச்சொத்து ஆகிவிடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சந்திப்பு வளாகத்துக்குள் போவதென்றால் நிலைய மேலாளரிடம் சொல்லி அனுமதி பெற்றே போக வேண்டும். புதரில் கிடக்கும் ஓர் ஆணியைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வரக் கூடாது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. படம் எடுத்துக்கொள்ளலாம், தாளில் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் வேண்டாம்.

கண்ணாடி விரியன் சருகுக்குள்ளும் சல்லிக்குள்ளும் படுத்திருக்கும்; எலி வளை நிறைந்த கரையில் நல்ல பாம்பும் இருக்கும். முழங்கால் வரை மூடும் காலணியும் தடித்த காற்சட்டையும் அணிந்து, தரையைத் தட்டிக்கொண்டே நடக்க ஒரு கம்பும் வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்காத்தான் முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். கடி பட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூரை நிற்கும் பழைய கட்டடத்துக்குள் நுழையாதீர்கள். நிலைய வளாகங்களில் கிணறு வெட்டுவது வழக்கம். புல் மூடிய கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றை விடப் பெரிய ஆபத்து இந்தத் தடத்தில் இல்லை. தனியாகப் போக வேண்டாம்.

நடக்கும் வரிசை

மயிலாடுதுறை நகருக்குள் பாதையைத் தேடி நேரத்தைச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடும் தெருவும் அதை விழுங்கியிருக்கும். சந்திப்பைப் பார்த்துவிட்டு, காரைக்கால் பேருந்தில் ஏறி மன்னம்பந்தலில் இறங்கித் தொடங்குங்கள். செம்பனார்கோயில், ஆக்கூர் முக்கூட்டு, திருக்கடையூர் என்று பேருந்துச் சாலை பாதையின் போக்கையே ஏறத்தாழ ஒட்டிச் செல்வதால், எங்கு களைத்தாலும் சாலைக்கு வந்து பேருந்து பிடிக்கலாம். 30 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்க நினைப்பது பயனற்றது. பாலத்தடியில் குனியவே நேரம் இருக்காது. இரண்டாகப் பிரித்து, முதல் நாள் திருக்கடையூர் வரை வைத்துக்கொள்ளுங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் ஆண்டு முழுவதும் கூட்டம் வரும் ஊர் என்பதால் தங்க அறையும் சாப்பாடும் கிடைக்கும். முகூர்த்த நாள் என்றால் மட்டும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாள் தில்லையாடி. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914-இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் நினைவிடம் இங்கே இருக்கிறது. காந்தி 1915-இல் தில்லையாடிக்கு வந்தபோது இந்த ரயில் இல்லை. பொறையாரைக் கடந்தால் தரங்கம்பாடி. கடைசி நிலையத்தில் தேட வேண்டியவை இடைநிலையங்களைவிடக் கூடுதல்: எஞ்சின் வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குச் சுற்றிவரப் போட்ட இரண்டாவது தடத்தின் அகலம், சரக்கு ஏற்றிய உயர்ந்த மேடை, தண்ணீர்த் தொட்டியின் கட்டுமானம், சாம்பல் தட்டிய குழி, ஊழியர் குடியிருப்பின் அடித்தளம். எல்லாம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கடற்கரை ஊர்களில் 2004 சுனாமிக்குப் பிறகு குடியிருப்புகளும் சாலைகளும் நிறையவே மாறியிருக்கின்றன. மேலுள்ளவற்றில் இரண்டைப் பார்த்தாலே நல்ல நாள்தான்.

ஒவ்வொரு இடத்திலும் எடுக்கும் படத்தோடு இடக்குறியீடு, தேதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். அளவு தெரியப் பக்கத்தில் நாடாவையோ கம்பையோ வைத்து எடுக்க வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் கலந்து எழுதாமல், குறிப்பேட்டில் இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் கேட்டது என்று பிரித்துக்கொள்வது எளிய வழி. திரும்பி வந்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கைவிடப்பட்ட ரயில் பாதையாக அந்த வரியைச் சேர்க்கலாம். மேடு தெரியும் பகுதியை மட்டும் அவ்வாறு குறித்து, சுவடே இல்லாத பகுதியை ஊகித்து இணைக்காமல் விட்டுவிட வேண்டும்.

இதே முறையில் அடுத்துப் பார்க்கத்தக்கது அகஸ்தியம்பள்ளிக்கும் கோடிக்கரைக்கும் இடைப்பட்ட பகுதி. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய அந்த அகஸ்தியம்பள்ளியோடு புதிய அகலப்பாதை நின்றுவிடுகிறது. பழைய மீட்டர்கேஜ் கோடிக்கரை வரை போனது. ஆனால் அங்கே வனவிலங்குச் சரணாலயம் தொடங்கிவிடுவதால், வனத்துறையின் அனுமதியும் அவர்கள் சொல்லும் நேரமும் இல்லாமல் சாலையை விட்டு இறங்க முடியாது. உப்பளத்து நிலம் ஆதலால் செங்கல்லும் இரும்பும் அங்கே இன்னும் விரைவாக அரித்துப்போயிருக்கும். கண் பழகுவதற்கு முதலில் தரங்கம்பாடித் தடத்தை முடித்துவிட்டுப் போவதே நல்லது.